சைபரில் தொடங்கும் நம்பர்கள்

14 நவம்பர் 2006, செவ்வாய்

ஒருவழியாக அந்தப் பக்கம் முடிந்தது. வாரியத்தில் குவார்ட்டர்ஸ் வீடு கேட்பவர்களின் பட்டியலை இனி யாரும் என்னிடம் வந்து கேட்க வேண்டாம். பிரவுசரில் பக்கத்தைத் திறந்து பொத்தானை அமுக்கினால் கோப்பு இறங்கிவிடும். அச்சடிக்க பிடிஎஃப், வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வெறும் எழுத்துக் கோப்பு, பட்டியலை மேலே அனுப்பும் வாரியத்து அதிகாரி குப்தாஜிக்கு எக்ஸெல். மூன்றும் ஒரே தகவல்தான், சட்டைதான் வேறே.

எக்ஸெல் பொத்தானில் மட்டும் ஒரு திருட்டு வேலை செய்திருக்கிறேன். உண்மையான எக்ஸெல் செய்ய இன்னும் ஒரு வாரம் ஆகும். ரங்கராஜன் சார் (வாரியத்துக்குக் கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் எங்கள் கம்பெனிக்கு அவர்தான் எல்லாம்) "ஜல்தி, ஜல்தி" என்று கழுத்தில் உட்கார்ந்திருந்தார். அதனால் கமா போட்ட எழுத்துக் கோப்பையே எக்ஸெல் என்று பேர் ஒட்டி அனுப்புகிறேன். திறக்கிறது. போதும்.

மத்தியானம் சாவித்திரி அக்காவோடு சாப்பாடு. அவள் வீட்டுக்காரர் இந்த வாரியத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தார். போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்தில் அக்காவுக்கு கிளார்க் வேலை கொடுத்தார்கள். சரோஜினி நகர் வீட்டையும் அவள் பேருக்கு மாற்றித் தரவேண்டும், அந்தப் பட்டியல்தான் இது. பையனுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. "வீடு மட்டும் நிலைச்சுட்டா போதும்ட்டி, பிள்ளை ஸ்கூல் மாறாம எழுதிருவான்" என்றாள்.

17 நவம்பர், வெள்ளி

பட்டியல் மேலே போய்விட்டது. குப்தாஜி வாய் நிறைய "பஹுத் அச்சா" சொன்னார்.

4 டிசம்பர், திங்கள்

அக்காவுக்கு நோட்டீஸ். இம்மாதம் முப்பத்தொன்றுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். பட்டியலில் பேரே இல்லையாம். எப்படி இல்லாமல் போகும்? நானே பார்த்தேனே!

5 டிசம்பர், செவ்வாய்

இருக்கிறாள். டேட்டாபேஸில் இருக்கிறாள். நான் இறக்கிய எழுத்துக் கோப்பிலும் இருக்கிறாள். அப்புறம் குப்தாஜி மேஜைக்குப் போய், நீங்கள் எப்படி அனுப்பினீர்கள், காட்டுங்கள் என்றேன். எக்ஸெல்லில் திறந்தார். முதலில் வரிசை எண்ணுக்கு ஒரு பத்தி சேர்த்தார் — வரிசை எண் இல்லாத பட்டியல் இந்த ஆபீஸில் மேலே போகாது. தலைப்புக்கு மஞ்சள் அடித்தார். சேமித்தார்.

பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்கா வீட்டுக்காரரின் ஊழியர் நம்பர் 00417. திறந்த உடனே எக்ஸெல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு 417 ஆக்கிவிட்டது. சேமித்ததும் அதுவே நிலைத்துவிட்டது. வீடு ஒதுக்கும் பிரிவின் கம்ப்யூட்டர் நம்பரை வைத்துத்தான் ஆளைத் தேடும். 417 என்று யாரும் இல்லை, தள்ளிவிட்டது. சைபரில் தொடங்குகிற நம்பர் எல்லாம் ஆரம்பத்தில் சேர்ந்த பழைய ஆட்கள். மொத்தம் நாற்பத்தோரு குடும்பம்.

நிஜ எக்ஸெல் செய்திருந்தால் அந்தப் பத்தியை எழுத்தாக வைத்திருப்பேன். ஒரு வாரம். ஒரே ஒரு வாரத்து வேலை. கூறுகெட்ட மூதி!

6 டிசம்பர், புதன்

ரங்கராஜன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "தங்கம், இருபதாம் தேதி நம்ம கான்ட்ராக்ட் ரின்யூவல். இப்போ போய் தப்பு நம்மளோடதுன்னு சொல்லுவியா? சத்தமில்லாம சரி பண்ணு. ஜனவரியில அடுத்த பட்டியல் போகும், அதுல எல்லாரும் வந்துருவா."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கான்ட்ராக்ட் போனால் முதலில் போவது நான்தான், அது தெரியும். அதுக்காக?

11 டிசம்பர், திங்கள்

அடுத்த பட்டியலுக்காக எக்ஸெல் பொத்தானைச் சரி செய்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

15 டிசம்பர், வெள்ளி

அக்கா மூன்றாவது தடவையாக மனு கொடுத்துவிட்டு வந்தாள். பனியில் பஸ்ஸுக்கு நின்று குரல் கட்டிப்போயிருக்கிறது. "கம்ப்யூட்டர்ல இல்லங்கான். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா, மேடம்ங்கான். ஏட்டி, நீ அதுலதானே இருக்க, ஒரு எட்டு பாத்துச் சொல்லேன்."

பாக்கேன்க்கா என்றேன்.

தன் டப்பாவிலிருந்து எனக்கு எலுமிச்சை ஊறுகாய் வைத்தாள். தின்னேன். எப்படித் தின்னேன்?

20 டிசம்பர், புதன்

ரின்யூவல் ஆகிவிட்டது. சார் எல்லோருக்கும் காஜு பர்ஃபி கொடுத்தார்.

22 டிசம்பர், வெள்ளி

தாங்கவில்லை. குப்தாஜியிடம் எல்லாவற்றையும் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் ஒரு சீட்டு எழுதி நிறுத்தியிருப்பேன் என்றார். திங்கட்கிழமைதான் கையெழுத்தாயிற்றாம். அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. "அப் க்யா கரேன், தங்கம்ஜி?" இனி என்ன செய்வது என்று என்னையே கேட்கிறார்.

திங்கள் பதினெட்டாம் தேதி. நான் ஆறாம் தேதியிலிருந்து சும்மா இருந்திருக்கிறேன்.

30 டிசம்பர், சனி

சரோஜினி நகர் போனேன். வாசலில் டெம்போ. ஊர் ஓரத்தில், பாலம் என்கிற ஏரியாவில் ஒற்றை அறை கிடைத்திருக்கிறது. அங்கிருந்து பையனுக்கு ஸ்கூலுக்கு இரண்டு பஸ்.

அக்கா பாத்திரங்களைப் பழைய புடவையில் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். என் பக்கம், என் பொத்தான், என் சோம்பேறித்தனம்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அஞ்சாம் தேதிக்கா."

"அப்ப அன்னைக்கு நான் கேட்டப்போ?"

"தெரியும்."

திட்டுவாள், அடிப்பாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் முடிச்சை இழுத்துக் கட்டினாள். அப்புறம் டிரங்குப் பெட்டியின் ஒரு பிடியைத் தூக்கி, "அந்தப் பக்கம் பிடி" என்றாள். இரண்டு பேருமாகக் கீழே இறக்கினோம். ஏட்டி என்று கூப்பிடவில்லை.

8 ஜனவரி 2007, திங்கள்

மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன்.

19 ஜனவரி, வெள்ளி

புதிய பட்டியல் இன்று இறங்கியது. அசல் எக்ஸெல். குப்தாஜி வரிசை எண் சேர்த்தார், மஞ்சள் அடித்தார், ஒரு சைபர் கூட உதிரவில்லை. நாற்பத்தோரு பேரும் இருக்கிறார்கள்.

மேலே போகுமுன் அச்சுப் பிரதியைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அந்த வேலை கிளார்க்குகளுக்கு. சாயங்காலம் கட்டு என் மேஜைக்கு வந்தது. எல்லா வரியிலும் பென்சிலில் சின்னச் சின்ன டிக். கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் சாவித்திரி அக்காவின் கையெழுத்து.

மூன்றாம் பக்கத்தில் அவள் வரியைத் தேடினேன். 00417. நம்பர் சரி, பேர் சரி. குறிப்புப் பத்தியில்: வீட்டைக் காலி செய்துவிட்டார், உரிமை இல்லை.

அதற்கும் ஒரு டிக் போட்டிருந்தாள்.