பல் வைத்திய பஸ்ஸுக்கு ஊற்றிய பிரேக் எண்ணெய்

செவ்வாய்க்கிழமை, பதுளை

கோபம் இன்னும் அடங்கவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ப் பல் பார்க்கும் வைத்திய பஸ்ஸைச் சரிவில் மட்டமாக நிறுத்த அதன் அடியில், எண்ணெய் அழுத்தத்தில் பஸ்ஸைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ரோலிக் ஜக்குகள் இருக்கின்றன. அவை இறங்கும்போது அலறுவதாகப் போன வாரம் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். நான் பண்டாரவளைக்குப் போயிருந்ததால் தங்கச்சி புருஷன் ரவிதான் பார்த்தான். "சத்தம் போயிருச்சு மச்சான்" என்றான்.

இன்று மடுல்சீமையிலிருந்து பஸ் சாரதி போனில் கூப்பிட்டார். நான் போனபோது ஒரு ஜக் அமுங்கி, பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் மரத்துப்போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். பல்லைப் பிடுங்கும் நேரத்தில் நாற்காலியோடு சரிந்திருக்கிறார்.

"பஸ் கவுந்துரும்னு நெனச்சேங்க. செத்தாலும் இனி ஏற மாட்டேன்" என்று குழறினார். பல் அப்படியே இருக்கிறது.

ஜக்கின் எண்ணெய்த் தாங்கியைத் திறந்து முகர்ந்ததுமே விளங்கிவிட்டது. உள்ளே பிரேக் எண்ணெய். அது பட்டு, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கிழிந்திருந்தன. அங்கேயே ரவிக்கு போன் போட்டேன்.

"ஹைட்ரோலிக் ஒயில் முடிஞ்சிருச்சு மச்சான். எல்லாம் எண்ணெய்தானே? சத்தம் நின்னுச்சா இல்லையா?"

"உள்ள மனுசங்க இருக்காங்கடா!" என்று கத்தினேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதுளைக்குத் திரும்பி வந்ததும் அவனிடமிருந்த கராஜ் சாவியை வாங்கிவிட்டேன்.

"புள்ளைங்களுக்காக விட்டுருங்க அண்ணே" என்று தங்கச்சி அழுதாள்.

"அவன் கை வச்ச வண்டியில உன் புள்ளைங்கள ஏத்துவியா?" என்று கேட்டேன்.

எழுந்து போனாள். சாப்பிடவும் இல்லை. போகட்டும்.