மோதிரம் தட்டாத அசை

என் அன்பு மதினி,

அங்கேயாவது உடம்பு வலி இல்லாமல் இருக்கிறீர்களா? நேற்று மதுரையில் மூன்றாவது முறையாக, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான அந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வை முடித்துவிட்டு வந்தேன். முடிவுக்காகக் காத்திருக்க ஒன்றுமில்லை. தோற்றுவிட்டேன்.

அனுமந்தன்பட்டியில் பஸ் ஏறினால் தேனியில் நம் ஆஸ்பத்திரி வரும்வரை உச்சரிப்புப் பாடம்தான். நாம் இரண்டு நர்சுகளும் டிபன் டப்பா மூடியைத் தட்டிக்கொண்டே வருவதைப் பார்த்து, "என்னத்தா, இன்னைக்கும் கச்சேரியா?" என்பார் கண்டக்டர். கார்-டி-யா-ல-ஜி. ஒவ்வோர் அசைக்கும் விரல் நுனி. அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் உங்கள் கல்யாண மோதிரம். 'லஜி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை, 'ஐட்டிஸ்' என்றால் கடைசிக்கு முந்தியது. இதைக் கண்டுபிடித்த அன்று, வெளிநாட்டு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருவரும் குதித்தோமே!

அப்புறம் ஒருநாள் மடித்த தாளை நீட்டினீர்கள். "இங்கன பாருடி, இதைத் தட்டு பாப்போம்."

மை-ய-லோ-டிஸ்-ப்ளே-சி-யா. எலும்பு மஜ்ஜை ஒழுங்காக ரத்தம் உண்டாக்காத நோய் என்று எனக்குத் தெரியும். யாருக்கு என்று கேட்கத்தான் தோன்றவில்லை. உங்கள் கையையே பிடித்து, ஐந்தாவது அசைக்கு மோதிரத்தால் ஓங்கித் தட்டினேன்.

"சரியா மதினி?"

"சரிதான்டி. டாக்டரும் அப்படித்தான் சொன்னாக."

மடிப்பைப் பிரித்தீர்கள். மேலே உங்கள் பெயர் இருந்தது. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவி முகத்தை எப்படிப் பொறுத்தீர்கள்? வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் தாளை நீட்டினீர்களா?

நேற்று தேர்வில் நோயாளியாக நடித்த அம்மாள் தனக்கு என்ன நோய் என்று கேட்டார். எலும்பு மெலியும் நோய்தான். ஆஸ்-டி-யோ-பொ... எத்தனை தடவை தட்டிய சொல்! 'ரோ' வர வேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். மேசைக்கு அடியில் என் விரல் தட்டியது, சத்தம் வரவில்லை. நீங்கள் கண்மூடிய நாளிலிருந்து மோதிரம் அண்ணனின் பீரோவில் கிடக்கிறது. நேரம் முடிந்தது என்றார்கள்.

"இன்னொரு தடவ எழுது ஆத்தா, அவ ஆசப்பட்டது" என்கிறார் அண்ணன். எழுதுவேன். தேறுவேன் என்ற நம்பிக்கை துளியும் இல்லை. தேறினாலும் உங்களை விட்டுவிட்டு எங்கே போக?

ஒன்றை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், மதினி. இனி யார் எந்தத் தாளை நீட்டினாலும், வாய் திறக்கும் முன் பெயரைப் பார்ப்பேன்.

அதே பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் டப்பாவை வைத்துக்கொண்டு வரும்
உங்கள் நாத்தனார்