இழைத்துவிடச் சொன்ன வரி

இன்று காலை எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார். கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, ஆளைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. அவர் தின்னர் டப்பாவைத் திறந்ததும் வாடை அடுக்களை வரைக்கும் வந்தது. அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் குழம்பு மணக்கவில்லை, உன் டெஸ்க்தான் மணத்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். போன கிறிஸ்மஸுக்கு முன்னால் இதே வாடைக்குள்தான் ஒரு மாதம் கிடந்தேன், உனக்குப் பரிசு கொடுக்கப் போகிறேன் என்ற பெருமையோடு. நீ போய் இப்போது இரண்டு மாதம் ஆகிறது.

அந்தப் பெருமையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பத்து நிமிட நடையில் இருந்தபோது உன்னிடம் வாயைத் திறக்காதவள், இப்போது பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால், "ஏட்டி, ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்று கேட்டிருப்பாய்.

போன வருஷத்து ஸ்தோத்திரப் பண்டிகையிலிருந்து தொடங்குகிறேன். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த மரச்சீனிக்கிழங்கு, வாழைக்குலை, கோழி எல்லாம் வழக்கம்போல ஆலய முற்றத்தில் ஏலத்துக்கு வந்தன. அந்த முறை பள்ளிக்கூடத்துப் பழைய டெஸ்குகளையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். பலாமரத்து மூட்டில், வேரோரமாக வெகுகாலம் மழையில் கிடந்து, இரும்புக்கால்கள் துருப்பிடித்துப் பொரிந்திருந்தன. நீ ஒரு குலையைத் தோளில் தாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாய். "நம்ம இருந்த டெஸ்கும் இதுல கெடக்குமா மக்கா? செத்துப்போறதுக்கு முன்ன இன்னும் ஒருக்க அதுல இருந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பந்தி தொடங்கிவிட்டது என்று ஓடினாய்.

நான் ஓடவில்லை. ஒவ்வொரு டெஸ்காகக் குனிந்து பார்த்தேன். நாலாவது டெஸ்கில் ஜன்னல் பக்கத்துப் பலகையை முந்தானையால் துடைத்தேன். எழுத்து அப்படியே கிடந்தது. என் கையெழுத்து.

நமக்கு அப்போது எட்டாம் வகுப்பு. நீ ஜன்னல் பக்கம், நான் நடைப் பக்கம். அன்று நீ வரவில்லை. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ரப்பர் பால் எடுக்கப் போயிருந்தாய். காற்று வருமே என்று உன் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். கணக்கு சார் (நம் பக்கத்தில் பெண் வாத்தியாரும் சார்தானே) என் நோட்டைத் தூக்கிக் காட்டி, உபதேசியார் மகளுக்கு இதுகூடத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காம்பஸ் முனையை எடுத்துப் பலகையில் கீறினேன்: 'மாப்பிள்ளை வேண்டாமென்று விட்ட கணக்கு சார்.' அவர் கணவன் கைவிட்டுப் போய்த் தனியாக இருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

மறுநாள் சார் அதைப் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஹெட்மிஸ்டிரஸ் வந்து, "இது ஆரு இருக்கிய இடம்?" என்று கேட்டார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த சாக்கு அது. உன் இடம் என்பதால் நீ எழுந்து நின்றாய். பலகையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு என் எழுத்து தெரியாதா? நான் பூகோளப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் நின்று ஜெபம் சொல்லும் என் அப்பாவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று நடுங்கினேன். உன் அப்பாவை நான் நினைக்கவில்லை.

உன் அப்பா வந்தார். ஹெட்மிஸ்டிரஸ் முன்னாலேயே உன்னை அறைந்து, "படிச்சுக் கிழிச்சது போரும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூடத்துப் படி ஏறவில்லை. நீ பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தாய். நான் படித்து, பி.எட். முடித்து, அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராகி ஓய்வும் பெற்றேன். எனக்கு வேலை கிடைத்த அன்று ஒரு பழுத்த பலாச்சக்கையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, "எனக்க கூட்டுக்காரி சார் ஆயிட்டா!" என்று முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தினாயே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அப்பா இறந்த பிறகு அந்தப் பயமும் போய்விட்டது. அப்போதும் சொல்லவில்லை. நீயும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்காததை மறந்துவிட்டதாக நான் வைத்துக்கொண்டேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஏலத்தில் அந்த டெஸ்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் எடுத்தேன். டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் என்ன பாசம் என்று சபையார் மெச்சினார்கள். வீட்டில் என் வீட்டுக்காரர், "புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தா கொறஞ்சா போவும்?" என்று சிரித்தார். துருவை நானே தேய்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் தோல் உரிந்து, ரேஷன் கடை மெஷினில் என் ரேகை விழவில்லை. ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்ததும் பச்சைப் பெயிண்ட் இரண்டு கை அடித்தேன். கால்களைப் பார்த்தால் நேற்று வாங்கியதுபோல இருந்தது. பலகையை மட்டும் தொடவில்லை. அதற்கு ஆசாரியை வரச் சொன்னேன்.

ஆசாரி குனிந்து பார்த்தார். "டீச்சரே, இதுல ஏதோ எழுதிக் கெடக்கு. பண்டு படிச்ச பிள்ளைய எழுதினதா இருக்கும். ஓர்மைக்குக் கெடக்கட்டுமே, மேல வார்னிஷ் அடிச்சா அழகாட்டு இருக்கும்."

"வேண்டாம், இழைச்சு எடுத்திரும்" என்றேன்.

"ஆழமாட்டுல்லா கெடக்கு. அயனிப் பலகை, மெலிஞ்சு போவும்."

"மெலிஞ்சா மெலியட்டு. ஒரு எழுத்துகூடத் தெரியப்பிடாது."

அவர் இழைப்புளியைப் போட்டார். சுருள் சுருளாக விழுந்த சீவலை நானே பெருக்கி எடுத்து, வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். நீ பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ஒரே சாட்சி அந்த வரிதான். அதை எரித்த சூட்டில் குளிக்கவும் செய்தேன்.

இதோடு விட்டேனா? நம் ஆலயத்தில் ஒரு டியூப்லைட் கொடுத்தால்கூட அதில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கொடுத்தவர் பெயர் இருக்கும். மின்விசிறி இறக்கையிலும் பெயர், பெஞ்சின் முதுகிலும் பெயர். அந்தப் பழக்கம் என் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, இழைத்து வழவழப்பாக்கிய அதே இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் 'அன்பளிப்பு' என்று போட்டு, கீழே என் பெயரையும், பெயருக்குப் பின்னால் பி.எட்.டையும் எழுதச் சொன்னேன். எழுதும்போது பக்கத்திலேயே நின்று, எழுத்து கோணக் கூடாது என்று வேறு சொன்னேன்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். நம் டெஸ்க்தான் என்று சொன்னதும் நீ சின்னப்பிள்ளைபோலக் கைகொட்டினாய். சேலையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கத்து இடத்தில் போய் இருந்தாய். உன் உள்ளங்கை பலகையின் மேல் போனது. போய் ஒரு இடத்தில் நின்றது. திரும்ப வந்து அதே இடத்தைத் தடவியது. பால்கறை ஏறிக் கறுத்த விரல், எதையோ தேடுவதுபோல என் பெயரின் மேல் ஊர்ந்தது.

"பேரு நல்ல பெருசா எழுதியிருக்கியே" என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல், மெதுவாக, "இந்தப் பேர அண்ணைக்கே சொல்லியிருக்கலாமே மக்கா" என்றாய்.

அவ்வளவுதான். பிறகு எழுந்து, "செரி, கட்டஞ்சாயா போடட்டா?" என்று உள்ளே போனாய். நான் குடித்தேன். சாயா நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். என்ன பிறவி நான்! ஐம்பது வருஷத்துக்குப் பிறகு நீ கதவைத் திறந்து வைத்தாய், நான் சாயாவைப் பற்றிப் பேசினேன்.

அக்டோபரில் ரப்பர் மரத்து மூட்டிலேயே உனக்கு நெஞ்சு அடைத்தது. அடக்க ஆராதனையில், கூட்டுக்காரி நாலு வார்த்தை சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சொன்னேன். ஒரே டெஸ்கில் இருந்து படித்தோம், அந்த டெஸ்கையே தேடிப் பிடித்துப் புதுப்பித்துக் கொடுத்தேன் என்று சொன்னேன். பெண்கள் அழுதார்கள். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் பெட்டிக்கு மூன்றடி தள்ளி நின்று, உன் செலவில் எனக்கு நல்ல பெயர் வாங்கினேன்.

இன்று அந்த வாடைக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் டெஸ்கின் மேல் தையல் மெஷினை வைத்திருக்கிறாள். என் பெயர் மறையாமல் இருக்க மெஷினைத் தள்ளி வைத்திருப்பதாகச் சொன்னாள். "அம்மைக்கு சின்னதுல சேட்டை கூடுதலாம் மாமி" என்று அவளே பேச்சை எடுத்தாள். "ஏதோ சாரைப் பத்தி டெஸ்குல அசிங்கமா எழுதி வச்சு, அதுக்காக ஸ்கூல்ல இருந்து எடுத்திட்டாவளாம். எங்களுக்கெல்லாம் சிரிச்சு சிரிச்சு சொல்லுவா. நாந்தான் எழுதினேன், வாங்க வேண்டியத வாங்கினேன்னு."

பெற்ற பிள்ளையிடமும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"இல்ல மக்கா" என்றேன். "எழுதினது நான். அம்ம அண்ணைக்கு ஸ்கூலுக்கே வரல்ல. ஆருன்னு தெரிஞ்சும் அவ சொல்லல்ல. நானும் சொல்லல்ல." இழைத்ததையும் எரித்ததையும் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள். திட்டுவாள், போகச் சொல்லுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்: "அப்படீன்னா, எங்க அம்ம படிச்சிருப்பாளா மாமி?"

செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது, இனியும் கூடவேதான் இருக்கும். நாளைக்குப் போய் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். படித்திருப்பாய். என்னைவிடப் படித்திருப்பாய். கணக்கு எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை, நீ வந்த நாளெல்லாம் உன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்.