நாக்கை நீட்டச் சொல்லும் படம்

சாரம், புதுச்சேரி
4-3-1984

அன்பு மகள் சுலோசனாவுக்கு அம்மா வாழ்த்தி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். பிரான்சில் அந்தப் பனிக்கு நடுவே நீயும் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா மாப்பிள்ளையும் பேத்தியும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் வரவில்லை என்று உன் தம்பி வடிவேலைத் திட்டாதே, காரணம் நான்தான். பேத்திக்குத் தாத்தா முகம் தெரிய வேண்டும், அப்பா படம் ஒன்று அனுப்பு என்று கேட்டிருந்தாய். அவர் போனபோது நீ நிறைமாதம், வந்து முகம் பார்க்கக்கூட முடியவில்லை. இந்த ஒன்றையாவது செய்யாமல் என்னத்தைப் பதில் எழுதுவது. படம் கிடைக்கும்வரை பேனாவைத் தொடுவதில்லை என்று இருந்துவிட்டேன்.

அவ்வளவு பாடா என்று நினைப்பாய். கேள். உன் அப்பா மில் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், வேலை விட்டு வந்தால் சாரத்துக்கே வைத்தியர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் பிள்ளைச்சாவடி போய் மீன்காரர்களுக்குப் புண் கட்டுபவர். கோவிந்தராசு கம்பவுண்டரைத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் முகம் தெரிய ஒரு படம் கிடையாது! யாரைக் கண்டாலும் கண் இமையைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார், உடனே 'நாக்க நீட்டு' என்பார். கேமராவை மட்டும் பார்க்க மாட்டார், அதற்கு நாக்கு இல்லையே. மில்லில் எடுத்த பொங்கல் படத்தில் எல்லோரும் நேராக நிற்க இவர் மட்டும் திரும்பி, பக்கத்து ஆளின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடையாள அட்டையில் சரியாக முகத்தின்மேல் ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கிறார்கள், ஒரு காது மட்டும் தெரிகிறது. உன் கல்யாணப் படமும் அப்படித்தான். குடும்பத்தோடு நிற்க வைத்து, படம் எடுத்த நாராயணசாமி மூன்று எண்ணும்போது அவனுக்கு இருமல் வந்ததே, நினைவிருக்கிறதா? இவர் வரிசையை விட்டு நேரே அவனிடம் போய்விட்டார். படம் முழுக்க வெள்ளைச் சட்டை, ஓரத்தில் நீயும் நானும் எட்டிப் பார்க்கிறோம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையே பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்ன மனிதர் வேறு என்ன செய்வார். பட்டாளத்தில்கூட இப்படிச் சோதிக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இதற்கிடையில் தெரு ஆட்கள் வந்தார்கள். வருஷ திதியன்று படிப்பகத்தில் கம்பவுண்டர் படம் திறக்கப் போகிறோம், ஒன்று கொடுங்கள் என்றார்கள். இல்லை என்றதும், விளம்பரப் பலகை எழுதும் அம்மாவாசையைக் கூட்டி வந்து, நீங்கள் அடையாளம் சொல்லுங்கள், இவர் வரைவார் என்றார்கள். அவன் பென்சிலைச் சீவிக்கொண்டு மூக்கு எப்படி இருக்கும்மா என்றான். சுலோசனா, எனக்குச் சொல்ல வரவில்லை. கையைக் கேட்டிருந்தால் விரல் விரலாகச் சொல்லியிருப்பேன், டெட்டால் வாசனை உட்பட. முகம் வரவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள். அவர் என்னைக் கிட்டத்தில் வந்து பார்க்கும்போதெல்லாம் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், வேறு என்ன சொல்ல. எனக்கே மறந்துபோனால் உன் பெண்ணுக்கு யார் சொல்வது? மூக்கு, மூக்கு மாதிரிதான் இருக்கும் என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். அவன் வரைந்து வந்ததைப் பார்த்த எதிர்வீட்டுத் தனக்கொடி, போலீஸ்காரர் எதுக்கு வந்தாரு என்று கேட்டாள்.

அப்புறம்தான் தம்பி ஒரு நல்ல காரியம் செய்தான். நாராயணசாமி ஸ்டுடியோவுக்குப் போய், கல்யாணத்தில் எடுத்துக் கழித்துப்போட்ட பிலிமையெல்லாம் தேடச் சொன்னான். யாரும் நேராகப் பார்க்கவில்லை, வீணாய்ப்போன படம் என்று அவன் பிரிண்ட் போடாமல் வைத்திருந்ததில் ஒன்று கிடைத்தது. உன்னை அனுப்பிவைக்கும் நேரம். நீ அழுகிறாய், அவர் பெருவிரலால் உன் இமையை இழுத்துக் குனிந்து பார்க்கிறார். 'அழுதா எப்படிம்மா ரத்தம் தெரியும்' என்று அதட்டினாரே, அப்போது எடுத்தது. முகம் முழுசாக இருக்கிறது. மூக்கு கொஞ்சம் கோணல், இப்போது ஞாபகம் வந்துவிட்டது. அவர் கண்ணும் கலங்கியிருக்கிறது. அன்று நான் அதைக் கவனிக்கவில்லை.

அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிப் போன வெள்ளிக்கிழமை படிப்பகத்தில் திறந்தார்கள். மாலை போட்டார்கள், தலைவர் பேச வாயைத் திறந்தார். பிள்ளைச்சாவடி மீன்காரி அஞ்சலாட்சி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே போய் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சட்டத்துக்குள்ளிருந்து குனிந்து அவளையே பார்க்கிறார். பழக்க தோஷம், நாக்கை நீட்டிவிட்டாள்! கூட்டம் சிரித்த சிரிப்பில் பேச்சு நின்றுபோனது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். மறுநாள் தம்பி அதில் சின்னதாக ஒன்று கொண்டுவந்து சாமி அறையில் மாட்டினான். காலையில் விளக்கேற்றிவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு நானும் நீட்டினேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லாதே, மானம் போகும்.

உனக்கு முழுப் படத்தையே அனுப்புகிறேன், நீயும் அவரும் இருப்பது. குளிருக்குக் காதை மூடிக்கொள், பேத்திக்கு எண்ணெய் தேய்க்காமல் தலைக்கு ஊற்றாதே. நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க என் ஆசி. ஒன்றை மறக்காதே. பேத்திக்குப் படத்தைக் காட்டினால் மட்டும் போதாது. பெருவிரலால் அவள் இமையை மெதுவாக இழுத்துக் குனிந்து பார், தாத்தா முகம் இதுதான் என்று சொல். ரத்தம் நன்றாக இருக்கிறதா என்று உடனே எழுது, நான் அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
கோ. ராஜாம்பாள்