புள்ளி வைக்காத குடிநீர்

வளம் பொலிக. மழை பிழையாத தாழைநாட்டின் முடி தாங்கும் மாவேலிக் கொற்றனார் திருவாணைப்படி, அவர் திருவாய்மொழியை ஏட்டில் ஏற்றும் ஓலைநாயகன் ஆதிச்ச நம்பி, மழைக்கோட்டைக் காவலரும் இன்று வடவெல்லைப் பாசறையில் படையோடு இருப்பவருமான காரிச் சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது வாளும் குதிரையும் நலமாகுக. உமது ஏரிக்கரை உடையாது நிற்க.

உம் மனைவி பூதி நங்கையார் பிழைத்துக்கொண்டார், மகவும் நலம். இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றதைப் படிக்க உமக்குப் பொறுமை இராது. கோட்டைப் புளியமரத்தில் பேயை ஆணி அறைந்து கட்டும்படி நீர் மந்திரவாதியை ஏவினீரே, அவனை அரசர் வழியிலேயே தடுத்து வைத்திருக்கிறார். கோபம் வந்தால் வரட்டும்; ஓலையை மட்டும் கடைசிவரை படியும்.

நங்கையாரின் தமக்கை வடிவாத்தாள் அரண்மனை மருந்துச்சாலையின் மருத்துவச்சி என்பது நீர் அறிந்ததே. தங்கைக்குப் பேறுகாலம் நெருங்கியதும் அவள் சொல்லச் சொல்ல நம்பி எழுதியனுப்பியது ஒரு பெய்குடிநீர். சதகுப்பை, ஓமம், சுக்கு மூன்றையும் நொறுக்கிக் கலத்திலிட்டு, கொதித்த நீரை மேலே பெய்து, மூடிவைத்து, இளஞ்சூட்டில் பிள்ளை பெற்றவள் பருக வேண்டும். வயிற்று வாயு இறங்கும், உடம்பு சூடு பிடிக்கும், பால் சுரக்கத் துணையாகும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள் என்று அவளே சொல்லியிருந்தாள்.

ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுதுகிறவன் புள்ளி வைப்பதில்லை. குறிலைக் காட்டும் அப்புள்ளி இல்லாமல் எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பில் நிற்கும். ஐயோ, அந்தக் கொம்புதான் குடியைக் கெடுத்தது! உமது கோட்டைக் கணக்கன் பெய் என்பதைப் பேய் என்று படித்தான். பிள்ளை பெற்றவளைப் பேய் பிடிக்கும், அப்பேய்க்கு வைக்கவேண்டிய குடிநீர் இது என்று அவனாகவே பொருளும் சொன்னான். ஓலை வந்த வாரத்தில் பிள்ளை பெற்றவள், கயிறு திரிக்கும் கோவனின் மனைவி சாத்தி. பிள்ளையைக் கோவன் கையில் கொடுத்துவிட்டு அவளை உள்ளே தள்ளிக் கதவடைத்தார்கள். குடிநீரைப் புளியமரத்தடியில் வைத்தார்கள். சோறும் ஆளும் இல்லாமல் நான்காம் நாள் அவள் இறந்தாள்.

அதுவரை மரத்தடிக் கலத்தில் ஈ மொய்த்தது. அவள் இறந்த மறுநாள் உச்சிப்பொழுதில் கலம் வெறுமையாயிற்று. அன்றுமுதல் நாள்தோறும் வெறுமையாயிற்று.

பின்னர் உம் மனைவிக்கும் பிள்ளை பிறக்க, அவரையும் அவ்வாறே அடைத்தார்கள்; காவலர் மனைவி என்பதால் நாளுக்கு ஒரு பிடி சோறு மட்டும் உள்ளே போயிற்று. குடிநீர் தவறாமல் வைக்கிறோம், அதுவும் தவறாமல் தீர்கிறது, நங்கையார்தாம் மெலிகிறார் என்று கணக்கன் அரண்மனைக்கு எழுதினான். வைக்கிறோம் என்ற சொல் வடிவாத்தாளை உறுத்தியது. கொடுக்கிறோம் என்றல்லவா எழுதவேண்டும்? அப்போதே வண்டி பூட்டச் சொல்லிவிட்டாள்.

உச்சிவேளையில் கோட்டைக்குள் நுழைந்தவள் புளியமரத்தடியில் அந்தக் கலத்தைக் கண்டாள். அதைத் தூக்கிக்கொண்டு, கதவை உடைக்கச் சொல்லி, தங்கையின் தலையை மடியில் ஏந்தி மிடறு மிடறாகப் புகட்டினாள்; பிறகு கஞ்சி கொடுத்தாள். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவளைக் கண்டு வாய்விட்டு அழுதாள். மறுநாள் நங்கையார் கண் திறந்தார். வடிவாத்தாள் மரத்தடியில் கலம் வைக்கும் வழக்கத்தை நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் கோவன் கைக்குழந்தையோடு வந்து நின்றான். அவன் சொன்னதை அவன் வாய்ப்படியே எழுதுமாறு வடிவாத்தாள் கேட்டுக்கொண்டதால், ஓலைமுறை பிறழ்ந்தாலும் எழுதலாயிற்று: ஆத்தா, எம்புள்ளைக்கு யாரும் பால் குடுக்கல, பேய்ப்புள்ளைன்னு ஒதுங்கிட்டாங்க, ஆனாலும் இத்தன நாளா வயிறு நெறஞ்சுதான் கெடந்தான், இப்ப ரெண்டு நாளாத்தான் பசியில அழுவுறான்.

குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. வடிவாத்தாள் குனிந்து அதன் வாயை முகர்ந்தாள். உலர்ந்த பாலின் வாடையோடு சதகுப்பை மணத்தது.

குழந்தை ஆட்டுப்பாலைத் துப்பிவிட்டது. நங்கையாருக்கோ தம் மகவுக்கே பால் போதவில்லை. ஆகவே மறுநாள் வடிவாத்தாள் இரண்டு கலம் பெய்தாள். ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை மரத்தடியில் வைத்து எட்ட நின்றாள். உச்சிவெயிலில் மர நிழல் வேரோடு சுருங்கியபோது கலத்தில் ஆவி நின்றது. நெடுநாள் தாகமுள்ளவள் பொறுமையாகக் குடிப்பதுபோல நீர் மெல்ல மெல்லக் கீழிறங்கியது. வடிவாத்தாள் நின்ற இடத்திலேயே கைகூப்பினாள். உன் பங்கை அன்றே உனக்குத் தந்திருக்கவேண்டும் தாயே என்று மட்டும் சொன்னாளாம். சிறிது நேரத்தில் கோவன் வீட்டில் அழுகை ஓய்ந்தது.

ஆகவே கொற்றனார் ஆணை இது. அம்மரத்தில் எவனும் ஆணி அறையலாகாது. மழைக்கோட்டையில் பிள்ளை பெற்றவள் எவளையும் அடைத்துவைக்கலாகாது. சோறும் ஆளும் குடிநீரும் அவளிடம் செல்லவேண்டும். கோவன் மகன் பால் மறக்கும் நாள்வரை மரத்தடியிலும் ஒரு கலம் நாள்தோறும் செல்லவேண்டும். தாழைமடல் முத்திரையிட்டோம், மறுத்தவர் இந்நாட்டு நீர் பருகாதொழிக.

இவ்வோலையிலும் நம்பி புள்ளி வைக்கவில்லை. பெய்குடிநீர் என்று வருமிடத்தை உமது கணக்கன் இம்முறை இரண்டு விதமாகவும் படிக்கட்டும், இரண்டும் சரியே.