சாம்பல் போட்ட பனி

ஏப்ரல் 19

காய்ந்த புல் தீர்ந்துகொண்டே வருகிறது. குட்டி போட்ட ஆடுகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. கணவாய்க்கு அந்தப் பக்கம், கோடை மேய்ச்சலில், புல் முளைத்திருக்கும். நடுவில் பனி. கொழுந்தன் எர்கெபாய் அடுப்புச் சாம்பலை மூட்டை கட்டிவிட்டான். தூவினால் வெயிலைப் பிடித்துப் பனி சீக்கிரம் உருகும். நாளை விடியலில் கிளம்புகிறோம்: அவன், நான், எங்கள் நாய் அக்தோஷ்.

மாஸ்கோவில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் போனில், "நீ எதுக்குப் போற? அவன் போகட்டுமே" என்றார். ஆடு அவனுக்கு மட்டுமா சொந்தம்?

ஏப்ரல் 20

இரவில் இறுகிய பனி காலடியில் கல் மாதிரி இருந்தது. சரிவு முழுக்க இளஞ்சிவப்பானபோது மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே நின்றேன். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. அக்தோஷ் முதுகைப் பனியில் தேய்த்து நான்கு கால்களையும் வானத்துக்குக் காட்டினான்.

"என்ன அண்ணி, மூச்சு வாங்குதா? என் முதுகுல ஏறிக்கங்க. மூட்டைய மட்டும் நீங்க தூக்கிக்கங்க."

"உன்னக் கட்டிக்கப் போறவ பாவம்டா."

அந்தப் பக்கம் மந்தை இறங்கும் தடம் முழுக்கத் தூவினோம். ஓடைப் பள்ளத்தின் மேல் பனி உயரமாகக் கிடந்ததால் அங்கே இரண்டு மடங்கு.

ஏப்ரல் 24

வெயில். நல்ல வெயில்.

ஏப்ரல் 27

அக்தோஷ் போய்விட்டான்.

தடத்தைப் பார்க்கத்தான் போனோம். சாம்பல் போட்ட இடம் நன்றாக இறங்கியிருந்தது. "பாத்தீங்களா, மந்தையே ஓடலாம்" என்றான் எர்கெபாய். அக்தோஷ் முன்னால் ஓடினான். ஓடைக்கு மேலே போனதும் — சத்தம்கூட இல்லை. ஒரு ஓட்டை. நாய் இல்லை.

மேலே வெயில், கீழே தண்ணீர், இரண்டும் சேர்ந்து பனியைத் தின்றிருக்கின்றன. ஓடைக்கு மேலிருந்த பனிக்கூரையை மெலிதாக்கியது நாங்கள்தான். வருஷா வருஷம் தூவுகிறோம், அடியில் ஓடை இருப்பது எப்படி மறந்தது?

குப்புறப் படுத்து உள்ளே தலையை விட்டேன். எர்கெபாய் என் காலைப் பிடித்துக்கொண்டான். "போதும் அண்ணி, வாங்க! அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" அழுதுவிட்டான்.

உள்ளே — எப்படி எழுதுவது? நீலம். பனிக்குள் அவ்வளவு வெளிச்சம் இருக்குமென்று யாருக்குத் தெரியும்? கூரை முழுக்க அலை அலையாக ஒளி. ஓடை வளைந்து மலைக்குள்ளேயே போவது போலிருந்தது. அந்த நேரத்திலும் வாயைப் பிளந்து பார்த்தேன். என் மேலேயே கோபம் வந்தது. டேய் தோஷ், வாடா தங்கம்... குரல் வெகுதூரம் போனது.

ஏப்ரல் 28

மறுபடியும் போனேன். ஓட்டை பெரிதாகிவிட்டது. மந்தையோடு வந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

மே 2

புல் தீர்ந்தது. நாளை போகிறோம். சாம்பல் போட்ட தடத்தில் அல்ல. நிழல் சரிவில், யாரும் தொடாத பனியில், வெயில் வருமுன். எர்கெபாய் கேலி பேசுவதே இல்லை. "நான் முன்னால போறேன் அண்ணி. என் கால் வச்ச எடத்துலயே வைங்க" என்கிறான்.

மே 3

வந்து சேர்ந்தோம். ஒரு குட்டிகூடத் தவறவில்லை. அத்தனை ஆடும் வெள்ளைப் பனியில் நறநறவென்று நடக்க, மலை காது கொடுத்துக் கேட்டது.

கோடையில் நாங்கள் தங்கும் கூடாரம் இன்னும் மூட்டையாகக் குதிரை மேல்தான் இருந்தது. அது வருஷா வருஷம் நிற்கிற இடம் புல்லில் வட்டமாகத் தெரிந்தது. வட்டத்துக்கு வெளியே, வாசல் வருகிற பக்கம், அக்தோஷ் படுத்திருந்தான். காது கிழிந்து, இடுப்பெலும்பு தெரிய. பனிக்கடியிலேயே ஓடை அவனைக் கீழே இந்த மேய்ச்சலுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. நாங்கள் வருவோமென்று தெரிந்திருக்கிறது அவனுக்கு.

நாயைக் கூடாரத்துக்குள் நாங்கள் விடுவதில்லை. சுவரே இல்லாத இடத்திலும் அவன் உள்ளே கால் வைக்கவில்லை. வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, "உள்ள வாடா" என்று கெஞ்சினேன். வாலை ஆட்டினான், வரவில்லை.

எர்கெபாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னைய ஒரு நாளாச்சும் இப்பிடிக் கூப்பிட்டிருக்கீங்களா?" என்றான்.

நான் எழுந்து வெளியே போய் அக்தோஷ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.