சிவப்புத் தூசி

செவ்வாய், இரவு.

வடக்கே சுரங்கத்தை மூடினால் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் உலை அணையும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். லாரிக்காரர்கள் என்னைக் கேட்டுத்தான் வண்டியே எடுப்பார்கள். இரும்புக்கல் லாரி வராததால், புதுவாயலில் அக்கா மகன் ஏழுமலையின் மெஸ் ஈயாடுகிறது. இன்று கடையை விற்கப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை.

"விக்காத நைனா, சுரங்கம் தொறந்தாச்சு. மில்லாண்ட லாரி வரிசையா நிக்குது. டயரெல்லாம் செவப்புத் தூசி" என்றேன்.

"மெய்யாலுமா மாமா? நீ பாத்தியா?"

"பாத்துக்கினுதான் வரேன்."

வாங்க வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான். காலை லாரிக்காரர்களின் நாஷ்டாவுக்கு மாவு அரைக்கிறான். பக்கத்து வீடுதான், அவன் கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. தூக்கம் வரவில்லை.

மில் பக்கம் நான் போகவே இல்லை.